சேற்றில் இறங்கிக் கேட்ட அண்ணிக்கு

வயதில் என்னைவிட ஒரு வருஷம் சின்னவரும், முறையில் பெரியவரும், வாய்ப் பேச்சில் எங்கள் எல்லாரையும்விடப் பெரியவருமான சலோமி அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். "செத்தவள கேக்கற கேள்வியா இது, கொயுந்தனாரே" என்பீர்கள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் தானே சமைக்கிறார். ரசத்தில் புளியை அள்ளிப் போட்டுவிட்டு, "சலோமி இப்படித்தான் வைப்பா" என்று சாதிக்கிறார். நீங்கள் ஒரு நாளும் அப்படி வைத்ததில்லை. நான் மறுக்காமல் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடுகிறேன் என்று போதகர் சொல்லியிருக்கிறார். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நமக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது அது உங்களால் முடிந்ததில்லை, இப்போதாவது முயற்சி செய்யுங்கள்.

அண்ணி எங்கள் சபையின் பைபிள் உமன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வதுதான் வேலை என்று சம்பளப் பதிவேட்டில் இருக்கும். உண்மையில் பாதி நாள் பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலும் மீதி நாள் தாலுகா ஆபீஸ் வரிசையிலும் இருப்பார். நான் அதே சபை அலுவலகத்தில் எழுத்தர். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால், வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வருகிற விருந்தினர்களைச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானேதான் தலையை நீட்டினேன்.

சுனாமிக்குப் பிறகு அந்த வருகை அதிகமாயிற்று. வேன் பிடித்து, தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்து, ராயபுரத்தில் ஏற்றி, குப்பங்களைக் காட்டி, கடைசியில் எண்ணூர் கழிமுகத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். அங்கே சபைக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு அம்மா தர்மமாக எழுதிவைத்தது. அதன் கரையிலிருந்துதான் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் இறங்குவார்கள். அவர்களிடம் வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியின் கயிற்றை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

விருந்தினர்களுக்கு அதுதான் உச்சம். கேமராவை எடுப்பார்கள். "படம் எடுக்கலாமா, கோபித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று என்னிடம் கேட்பார்கள். நல்ல மனிதர்கள்தான் அண்ணி, கேட்காமல் யாரும் எடுத்ததில்லை. ஆனால் என்னிடம் கேட்டார்கள். நான் தண்ணீரைப் பார்ப்பேன். அங்கிருந்து ஒரு சத்தமும் வராது. "எடுங்கள், அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்பேன்.

அப்படி எடுத்த ஒரு படத்தைத்தான் எடுத்தவரின் ஊர்ச் சபை காலண்டராக அச்சடித்து அனுப்பியது. ஜனவரி மாதத்தில் அந்த இருளர் பெண்களில் ஒருத்தியான கன்னியம்மா. ஈரப் புடவை, கழுத்துவரை சேறு, வாயில் கயிறு. கீழே பொறுமையைப் பற்றி ஒரு வசனம். நான் அதை அலுவலகச் சுவரில் ஆணியடித்து மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் உள்ளே வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள்.

"இத்த எடுக்கசொல்லோ கன்னிம்மா இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

"எப்டி சொல்வா? வாயில கயித்த கடிச்சிகினு கீறவ எப்டி வேணான்னு சொல்வா? வாயத் தொறந்தா பறி போய்டும். பறி போனா அன்னிக்கி சோறு போய்டும். அது உனக்கு கூச்சமா தெர்தா?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைப்பதற்காகவே வாயைக் கட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றுமில்லை. நான் எத்தனை வேன்களை அந்தக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்? ஒரு தடவையாவது அவர்கள் கரையேறுகிற வரைக்கும் காத்திருந்து கேட்டேனா? நீங்கள் அதற்குமேல் திட்டவில்லை. காலண்டரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அந்த ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

இதெல்லாம் ஆறுவதற்குள் படகு வந்தது. ஒரு தனியார் கம்பெனிக்காரர்கள் கழிமுகத்தில் இஞ்சின் படகு விடப் போகிறோம், ஜனங்கள் வந்து காற்று வாங்கிப் படகில் சுற்றிவிட்டுப் போகட்டும், துறை கட்ட உங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று சபைக்கு எழுதினார்கள். நம் கமிட்டி செயலர் பொன்னையா அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அரிசி மண்டி வைத்து முன்னுக்கு வந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. கோயில் கூரை ஒழுகுகிறது, சபைப் பிள்ளைகள் வேலையில்லாமல் திரிகிறார்கள் என்று அவருக்கு நியாயமான கவலைகள் இருந்தன. துறைக்கு மானேஜராக என்னைப் போடுவதாகவும் பேச்சு. உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில் ஆசைதான். காலண்டர் விஷயத்தில் பட்ட வெட்கம் ஒரு பக்கம், மானேஜர் ஆசை ஒரு பக்கம். இரண்டும் ஒரே மனதில் சண்டை போடாமல் குடியிருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கமிட்டி உறுப்பினர் இல்லை. மாத ஊழிய அறிக்கை வாசிக்க உங்களைக் கூப்பிடுவார்கள், வாசித்ததும் அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நீங்கள் வாசித்து முடித்தும் போகவில்லை. நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன் நான் என்பதால் அன்று பேசியதெல்லாம் எனக்கு அச்சாக நினைவிருக்கிறது. போதகரைப் பார்த்துத்தான் ஆரம்பித்தீர்கள்.

"ஒரு சந்தேகம் ஐயரே. கரையில கும்பல் ஜாஸ்தியாய்ட்ச்சி, ஆண்டவரு படவுல ஏறி ஒக்காந்துகினு பிரசங்கம் பண்ணாரே. அந்தப் படவு யார்து?"

"மீனவருடையதும்மா."

"கேக்காம ஏறுனாரா, கேட்டுகினு ஏறுனாரா?"

போதகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏறி உட்கார்ந்து, கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்" என்றார். அந்தப் படகுக்காரர் வீட்டுக்கு ஆண்டவர் ஏற்கெனவே போய், மாமியார் காய்ச்சலைக் குணமாக்கி, அவர்கள் கையால் சாப்பிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்ப வூட்டாண்ட போய் பயகிட்டுதான் ஏறிகீறாரு. அப்பவும் கெஞ்சிதான் தள்ள சொல்லிகீறாரு. கட்ளை போடல. நாம அந்தப் பொம்பளைங்க வூட்டுக்கு போய் ஒரு வாய் தண்ணி குட்ச்சிகீறோமா? இஞ்சின் படவு வுட்டா சேறு கலங்கும். சேறு கலங்குனா இறால் நிக்காது. அவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. "ஏம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன். அந்நியரை உபசரிக்கணும்னு வேதத்துல இருக்கா இல்லையா? வெளியூர்க்காரங்க வந்து நாலு இடத்தப் பாக்கக் கூடாதுன்னு சொன்னா அது என்ன கிறிஸ்தவம்?"

அதற்கு நீங்கள் சொன்ன பதிலை நான் எத்தனையோ பேரிடம் திருப்பிச் சொல்லிவிட்டேன். உபசரிக்க வேண்டும் என்று ஏழைகளுக்கு ஆயிரம் பிரசங்கம் செய்தாயிற்று, விருந்தாளி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கம்கூட இந்தக் கோயிலில் கேட்டதில்லை என்றீர்கள். ஆண்டவர் ஊர் ஊராகச் சுற்றியவர். பிறந்தது அடுத்தவர் தொழுவம், ஏறியது இரவல் கழுதை, கடைசியாகச் சாப்பிட்டதும் இரவல் மாடியறை. பூமியில் அவர் வாழ்ந்தது முழுக்க விருந்தாளி வாழ்க்கை. ஆனால் போன வீட்டை ஒரு நாளும் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியதில்லை, குனிந்து அவர்கள் காலைக் கழுவிவிட்டு வந்தார் என்றீர்கள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "படவு மேல குந்திகினு எவனும் அடுத்தவன் கால கயுவ முடியாது அண்ணாச்சி. எறங்கணும்" என்றீர்கள்.

அந்த வருஷம் சென்னை நகருக்குள் நடந்த ஒரு பெரிய சபைக் கருத்தரங்குக்கு என்னைக் குறிப்பெடுக்க அனுப்பினார்கள். சுற்றுலாவும் திருச்சபையும் என்று படித்தவர்கள் இரண்டு நாள் பேசினார்கள். பழங்குடிகளின் நிலம், விருந்தினரின் கடமை, வேடிக்கைப் பொருளாகும் மனிதர் என்று நல்ல நல்ல விஷயங்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து படித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் நின்ற நீங்கள் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கொழுந்தன் என்பதால் சொல்லவில்லை, நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கமிட்டி நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஏழு பேர், வெள்ளை வேட்டி, கைக்குட்டை, என் பழைய வேன். கரையில் நின்று அண்ணாச்சி, "எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றார். நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினீர்கள். முழங்கால் அளவில் நின்று, வரச் சொல்லிக் கையைக் காட்டினீர்கள். ஒரு பொம்பளை கூப்பிட்டு இறங்காமல் போனால் மானம் போகும் என்றோ என்னவோ, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது அடியில் சிப்பி குத்தி "யம்மா" என்றார்.

கன்னியம்மாவிடம் கேட்டு அவள் பறியை வாங்கினீர்கள். கயிற்றை அண்ணாச்சியிடம் நீட்டி, "பல்லுல கடிச்சிகினு குந்துங்க. ரெண்டு கையும் சேத்துல வையிங்க" என்றீர்கள். அண்ணாச்சி எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. பாவம், கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, உங்க மண்டிய நாங்க எட்த்துக்கறோம். அங்க நாலு பேர் வந்து அரிசி மூட்ட மேல ஏறி ஆடிட்டு போவாங்க. சம்மதந்தான?"

"ம்ம்… ம்ம்ம்…"

"வேணான்னு சொல்லல. கூச்சப்படறாரு. கொயுந்தனாரே, சம்மதம்னு எயுதிக்கோ."

நான் பேனாவை எடுத்து எழுதியும்விட்டேன். பிற்பாடு போதகர்தான் அந்த வரியை அடித்தார். கரையிலிருந்த ஆறு பேரும் சிரித்தோம், தண்ணீரிலிருந்த பெண்கள் கயிற்றைக் கடித்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து, வாயைத் துடைத்து, எச்சில் பட்ட இடத்தைத் தண்ணீரில் அலசிக் கன்னியம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். குத்தகை விஷயம் தள்ளி வைக்கப்பட்டது.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உங்களை எடுத்துக்கொண்டது. வைத்தியத்துக்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை அண்ணி, விட்டுவிடுகிறேன்.

இப்போது புதுச் செய்தி. இந்த வருஷம் படகுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பழைய கள், புதிய மொந்தை. சபைப் பத்திரிகையில் கள்ளைப் பற்றி எழுதலாமா என்று போதகர்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பெயர் 'ஆன்மீகச் சுற்றுலா'. ஆண்டவரின் சீடர்கள் வாழ்ந்த எளிய வாழ்க்கையைக் கழிமுகத்தில் நேரில் காணுங்கள் என்று வண்ணத்தாளில் அடித்துக்கொண்டு வந்தார்கள். கமிட்டியில் புதிதாக வந்த இரண்டு பேருக்கு மெத்தப் பிடித்துவிட்டது. மானேஜர் பேச்சும் கூடவே வந்தது. ஓட்டுக்கு விடுவது என்று நாள் குறித்தார்கள்.

உங்களைப்போல் பேச எனக்கு வராது. அதனால் பேசுகிறவர்களைக் கூப்பிட்டு வருவது என்று முடிவு செய்தேன். வேன் எடுக்காமல் பஸ்ஸில் போனேன். கரையில் உட்கார்ந்து அவர்கள் வேலை முடித்து மேலே வருகிறவரை காத்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கன்னியம்மா பறியை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா சாரு, ஆளுங்க யாரும் இட்டுனு வர்லியா?" என்று கேட்டாள். நான் மட்டும்தான் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கன்னியம்மாவும் இன்னும் மூன்று பேரும் கமிட்டி அறைக்கு வந்தார்கள். புதியவர்களில் ஒருவர் எழுந்து, திட்டத்தினால் அவர்களுக்கு என்னென்ன நன்மை என்று விளக்க ஆரம்பித்தார். கன்னியம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எங்கள இன்னாத்துக்கு கூப்ட்டீங்க? கேக்கறதுக்கா, சொல்றதுக்கா?" என்றாள்.

அண்ணாச்சிதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கேக்கத்தாம்மா கூப்பிட்டோம். நீ சொல்லு, நாங்க கேட்டுக்கிடுதோம்" என்றார்.

"ஜனம் வரட்டும். பாக்கட்டும். கண்ணு அவங்களுது, நாங்க இன்னா சொல்றது? ஆனா இஞ்சினு வோணாம். அந்த எடம் பூட்ச்சின்னா எங்களுக்கு வேற எடம் கெடியாது. வர்றவங்க நாங்க கரைக்கி வந்தப்பறம் வரட்டும். பேசிட்டு போவட்டும்" என்றாள். அவ்வளவுதான். அவள் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

ஓட்டெடுப்பில் நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவர் அண்ணாச்சி. பிறகு நான்கு கைகள். புதிய இரண்டு பேரில் ஒருவர் கடைசியில் தயங்கித் தயங்கித் தூக்கினார். கரை அந்தப் பெண்களுக்கே இருக்கும் அண்ணி. என் மானேஜர் நாற்காலி போயிற்று. போகட்டும், அதில் உட்கார்ந்து நான் உங்களை எப்படி நினைத்துப் பார்ப்பது?

இனி எழுதப்போவதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். கூட்டம் முடிந்து அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரத் தாமதமாயிற்று. கன்னியம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"சாரு, வேதக்காரம்மாவ பொதச்ச எடத்த நாங்க வந்து பாக்கலாமா?"

"தாராளமாப் பாக்கலாம். இதுக்கு எதுக்கும்மா கேக்கறே?"

"அன்னிக்கி வந்தோம். பத்து பேரு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம். கேட்டாண்டயே நின்னுகினு இருந்தோம். உள்ள வரலாமான்னு யாரக் கேக்கறதுன்னு தெரில. பெட்டிய எறக்கற வரிக்கும் நின்னுட்டு போய்ட்டோம்."

அண்ணி, அன்றைக்கு அவர்களை நான் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கும்பல் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எத்தனையோ தடவை நான் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டிய அதே பெண்கள். சேறில்லாமல், துவைத்த புடவையில் நின்றதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன். வழியை அடைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

அதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள், "உனுக்கு அன்னிக்கி ஆயிரம் பேஜாரு" என்று எனக்காக அவளே ஒரு சாக்குச் சொன்னாள்.

வருகிற சனிக்கிழமை அவர்கள் வருகிறார்கள். பத்து பேரும் வருகிறார்களாம். காலையிலேயே போய்க் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். வழியைக் காட்டிவிட்டு நான் பின்னால் வரமாட்டேன். அவர்கள் உங்களோடு இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். நான் உள்ளே வரலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் வரச் சொன்னால் வருகிறேன்.

காலடிப்பேட்டையிலிருந்து,
உங்களிடம் திட்டு வாங்க இன்னும் ஆசைப்படுகிற
உங்கள் கொழுந்தன்,
எட்வின்